ஏ.சி.யும் ஐந்நூற்றியோராவது யூனிட்டும்

"இரண்டு மாசம் ஜில்லென்று இருந்தது. பில் வந்த அன்றைக்குத்தான் வேர்த்தது!" தி.நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதத்தின் முதல் வரி இது. படித்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த வரியில் அவரே முந்திக்கொண்டு விட்டார்: "ஏ.சி. போட்டும் பில் குறைய வழி சொல்லுங்கள். போடாமல் இருந்தால் குறையும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள்."

எழுத மாட்டேன், சகோதரி. போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி பார்த்தாகிவிட்டது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு நாலு தெரு தள்ளி, ஒரு கட்டிடத்தின் மேல் மாடியில். மேல் மாடி என்றால் தெரியுமல்லவா? பகல் பூரா மொட்டை மாடி வெயிலைக் குடிக்கும். ராத்திரி பூரா அதை நம் தலைமேல் இறக்கும். வீட்டில் ஒரே ஒரு ஏ.சி., ஒன்றரை டன். சித்திரை பிறந்துவிட்டால் நான், என் கணவர், பெண், மாமியார் எல்லோரும் அந்த ஒரே அறையில் பாயும் மெத்தையுமாக வரிசையாகப் படுத்துக்கொள்வோம். கல்யாண சத்திரம் மாதிரி இருக்கும்.

2023-ம் வருஷம் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 770 யூனிட் ஓடியிருந்தது. பில் 4,280 ரூபாய். அதே வீட்டில் டிசம்பர், ஜனவரியில் 330 யூனிட். 810 ரூபாய்தான் கட்டியிருந்தோம். பில் இப்போது செல்போனுக்கே வந்துவிடுகிறதே, என் கணவர் அதைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "நாலாயிரத்து இருநூத்தி எண்பது" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமியார் காதில் அது விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து ஏ.சி.யை அணைத்துவிடுவார். கேட்டால், "எனக்குக் குளிர்றதுடி" என்பார். அப்போது அவருக்கு எண்பத்தோரு வயது. வயதானவர்களுக்குக் குளிரும்தான் என்று நாங்களும் நம்பிவிட்டோம். ஜூன் மாதம், கத்திரி முடிந்தும் வெயில் தணியாத நாட்கள். ஒரு ராத்திரி பாத்ரூமுக்குப் போக எழுந்தவர், சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கண் சொருகிப் போய், கூப்பிட்டால் "ம்" என்கிறார், அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த தெருவில் இருக்கும் டாக்டர், நல்ல மனுஷர், அந்த நேரத்திலும் வந்து பார்த்தார். முதலில் கேட்ட கேள்வியே, "பாட்டி, இன்னிக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சேள்?" என்பதுதான். ராத்திரி எழுந்திருக்க வேண்டி வருமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையோ நீர் பிரிய வைக்கிற ஜாதி. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்: வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். உடம்பு சூட்டை வெளியேற்றும் சக்தியும் குறையும். சென்னை மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? நம்மால் தாங்க முடிகிற ராத்திரி அவர்களைச் சாய்த்துவிடும்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உள்ளே போய், விடிகிற நேரத்துக்குத் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் சொன்னாரே ஒரு வார்த்தை: "நாலாயிரத்துச் சொச்சம்னு அவன் சொன்னானே... எனக்காகத்தானே அந்த மெஷின் ஓடறது."

அன்றைக்கு முடிவு செய்தேன். ஏ.சி. ராத்திரி முழுக்க ஓட வேண்டும். பில்லும் இறங்க வேண்டும்.

முதலில் பில்லையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாகக் கட்டுகிறோம், ஒருநாளாவது அதைக் கணக்காகப் பார்த்திருக்கிறோமா? நம் மின்வாரியக் கட்டணம் நேர்க்கோடாக ஏறுவதில்லை, படிப்படியாக ஏறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201-லிருந்து 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401-லிருந்து 500 வரை 6 ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் ஆனால் 1,725 ரூபாய். 501 ஆனால்? ஒரு யூனிட்டுக்கு ஒரு எட்டு ரூபாய் கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை! ஐந்நூறைத் தாண்டியவர்களுக்கு அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய்விடுகிறது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசுதான். அதனால் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஐந்நூற்றியோராவது யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கு மேலும் 501-லிருந்து 8 ரூபாய், 601-லிருந்து 9 ரூபாய், 801-லிருந்து 10 ரூபாய், ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகிறது. 2024 ஜூலையில் இந்த விலைகள் கொஞ்சம் உயர்ந்தன. படிக்கட்டு என்னவோ அதே படிக்கட்டுதான். உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பார்த்துவிடுங்கள்.

இதில் நமக்கு என்ன லாபம் என்றால், மேல் படியில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய். கோடையில் அந்த மேல் படிக்கு நம்மை ஏற்றிவிடுவது ஏ.சி. தான். ஆகையால் அதில் மிச்சம் பிடித்தால் இரட்டை லாபம்.

சரி, எப்படி? ஒரு வெள்ளிக்கிழமை மாமியாரைத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டு, ஆட்டோவில் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்ததும், "ஐஸ் ஹவுஸ் வந்துடுத்து" என்றார். அவருக்கு இன்னும் அது ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடலில் வந்து, 1842-ல் கட்டிய அந்தக் கட்டிடத்தில் இறக்கி வைத்து மதராஸ் துரைமார்களுக்கு விற்றான் ஃபிரடரிக் டியூடர் என்ற வியாபாரி. மின்சாரம் கிடையாது, மெஷின் கிடையாது. வெயிலில் நடுக்கடலில் கட்டி எப்படிக் கரையாமல் வந்தது? மரத்தூள்! சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக அடைத்துவிட்டார்கள். சூடு உள்ளே போக வழியில்லை.

ஆட்டோவிலேயே எனக்குப் புத்தி வந்தது. குளிர் என்பது நாம் உண்டாக்குகிற பொருள் அல்ல. உள்ளே வந்த சூட்டை வெளியே அள்ளிக் கொட்டுவதுதான் ஏ.சி.யின் வேலை. அள்ளுகிற ஒவ்வொரு கூடைக்கும் கூலி உண்டு. சூடு உள்ளே வரவே விடாவிட்டால் கூலியும் இல்லை. நானோ ஜன்னலையும் தளத்தையும் விட்டுவிட்டு ரிமோட்டோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

(அந்த ஐஸ் வியாபாரத்தின் ஞாபகம் நம் ஏ.சி.யிலும் இருக்கிறது. ஒன்றரை டன் என்றால் மெஷினின் எடை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்! ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநாலு மணி நேரத்தில் கரைய எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை அதே நேரத்தில் வெளியேற்றினால் அது ஒரு டன் ஏ.சி.)

எங்கள் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. உள்ளே கனமான திரை போட்டிருந்தேன். ஆனால் திரை உள்பக்கம் இருந்தால், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதானே திரையில் படுகிறது? திரையே கணப்பு அடுப்பு மாதிரி ஆகிவிடும். பழைய மயிலாப்பூர் வீடுகளில் தாழ்வாரத்துக்கு வெளியே தட்டி கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த அறிவு நமக்கு இல்லாமல் போயிற்று. பஜாரில் மூங்கில் தட்டி வாங்கி, ஜன்னலுக்கு வெளியே கட்டினேன். பகல் ஒரு மணிக்கு இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அந்தப் பக்கம் வெயில் படாது. வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கலாமே என்று மாமியார் கேட்டார். மதுரை, திருச்சி மாதிரி உலர்ந்த வெயிலுக்கு அது சொர்க்கம். நம் ஊரில் ஏற்கெனவே காற்றில் ஈரம். மூடிய அறைக்குள் மேலும் ஈரத்தை ஏற்றினால் ஏ.சி.க்குத்தான் வேலை கூடும்.

அடுத்தது தளம். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். 2019-ல் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பிறகு எனக்கு அதற்கு மனசு வரவில்லை. கட்டிடத்துக்காரர்களிடம் பேசி, மாசி மாதத்திலேயே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தோம். சுண்ணாம்பு மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்கள் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளை பெயிண்ட்டே அடித்துவிடலாம். முதல் நாள் ராத்திரி சுவரில் கை வைத்துப் பார்த்த என் பெண், "அம்மா, சீலிங் ஃபேன் அனல் காத்து அடிக்கலையே!" என்றாள். ஃபேன் என்ன செய்யும், பாவம்! தளம் சுட்டால் தளத்துச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

இன்னும் ஒன்று, காசு செலவில்லாதது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருப்பவர்களுக்குக் கடல் காற்று என்று ஒரு பாக்கியம் உண்டு. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது வரவே சாயங்காலம் ஆகிவிடும். 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி நாட்களை விட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் சாயங்காலம் காற்று வந்ததும் ஜன்னல், கதவெல்லாம் திறந்துவிட்டு (கொசு வலை அடித்திருந்தால்தான், இல்லாவிட்டால் வேறு பில் கட்ட வேண்டும்!), அறையில் அடைந்திருக்கும் அனல் போன பிறகு மூடி ஏ.சி. போடுங்கள். பூட்டிக் கிடந்த அறையில் நேராக ஏ.சி.யைத் தட்டுவது, கொதிக்கும் பாலை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்பது மாதிரி. கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பழைய புடவையைச் சுருட்டி வையுங்கள்.

இப்போது ரிமோட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஆபீஸிலிருந்து வந்ததும் 18 வைப்பது என் கணவர். "சீக்கிரம் குளிரட்டுமே!" என்பார். பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான் என்று உங்கள் கடிதங்களிலிருந்து தெரிகிறது. சாதாரண ஏ.சி.யில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் அது குளிர்விக்கும் வேகம் ஒன்றுதான். 18 என்பது போய்ச் சேர வேண்டிய ஊர். வண்டியின் வேகம் அல்ல. மேல் மாடி அறை மே மாதத்தில் 18-ஐ எட்டவே எட்டாது. அது விடியவிடிய ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கனத்துக்கான அமைப்பு, பி.இ.இ. என்கிறார்களே, அது சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையோடு வரும் வீட்டு ஏ.சி.க்கள் போட்டதும் 24-ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றே விதி செய்துவிட்டார்கள்.

சொன்னால் நம்புவாரா? அதனால் மீட்டரைச் சாட்சிக்கு இழுத்தேன். ஒருநாள் 20-ல் வைத்து, ராத்திரி பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைக் குறித்தேன்: 9 யூனிட். மறுநாள் 26-ல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டேன்: 6 யூனிட். ஃபிரிட்ஜ் ஓடியதும் இதில் அடக்கம். ஒரு ராத்திரிக்கு மூன்று யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 180! பழைய சீலிங் ஃபேன் 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த அரை யூனிட் செய்கிற காரியத்துக்கு ஏ.சி. எத்தனையோ யூனிட் தின்னும். ஃபேன் அறையைக் குளிர்விக்காது, ஆனால் காற்று மேலே பட்டால் 26-கூட 24 மாதிரி இருக்கும். மாமியாருக்கும் 26 தான் சௌகரியம். முன்னே "குளிர்றது" என்றதில் பாதி உண்மையும் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஜூலைக்கு மேல் வெயில் குறைந்து புழுக்கம் மட்டும் இருக்குமே, அந்த நாட்களுக்கு ரிமோட்டில் 'டிரை' என்று ஒரு பட்டன் உண்டு. பலர் அதைத் தொட்டதே இல்லை. முதன்முதலில் ஏ.சி. யாருக்காகச் செய்தார்கள் தெரியுமா? மனுஷருக்காக இல்லை, காகிதத்துக்காக! 1902-ல் அமெரிக்காவில் ப்ரூக்ளின் என்ற இடத்தில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றில் காகிதம் உப்பி, வண்ணம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிற்று. வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினீயர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஒரு மெஷின் செய்து கொடுத்தார். நம் வீட்டு அப்பளம் நமுத்துப் போகிற அதே கஷ்டம்தான் அவர்களுக்கும்! ஈரத்தை வடித்தாலே பாதிப் புழுக்கம் போய்விடும். அப்படி வடிந்த தண்ணீர்தான் குழாய் வழியாகச் சொட்டுகிறது. எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு முக்கால் வாளி. தரை துடைக்கப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். குடிக்க மட்டும் ஆகாது.

இந்த ஈரத்தினால்தான், சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. வாங்காதீர்கள் என்கிறேன். பெரியது சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரம் வடியாது, அறை ஜில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இன்வெர்ட்டர் வகையாகவே வாங்குங்கள். அறை குளிர்ந்ததும் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிதானமாக ஓடும். அதை மணிக்கொரு தரம் எழுந்து அணைத்து அணைத்துப் போடுவதில் பெரிய லாபம் இல்லை, தூக்கம்தான் நஷ்டம். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், முத்திரையில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ராத்திரிக்கு எட்டு மணி நேரம் வீதம் இருநூறு நாள். முத்திரையில் எந்த வருஷத்து அளவு என்றும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

ஏ.சி.யைத் திறந்து பார்க்க வந்த மெக்கானிக் தம்பி என் மானத்தை வாங்கிவிட்டான். ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் காட்டி, "இன்னாமா, இது ஃபில்டரா, கம்பளியா?" என்றான். பூஜை அறை விளக்கை வாரம் இரண்டு முறை தேய்க்கிறேன், இதை இரண்டு வருஷமாகத் தொடவில்லை! இப்போது ஏ.சி. ஓடும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நானே கழற்றி, குழாயடியில் அலசி, நிழலில் உலர்த்திப் போடுகிறேன். ஐந்து நிமிஷ வேலை; ஸ்டூலில் ஏற ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும்.

தி.நகர் சகோதரி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை இரண்டு முறை படித்தேன்: "வெளியே வைக்கிற பெட்டி எங்கள் பின் பால்கனியில் இருக்கிறது, அதன் மேல்தான் துணி காயப் போடுவேன், சீக்கிரம் காய்கிறது." சீக்கிரம் காயாமல் என்ன செய்யும்? அறையிலிருந்து அள்ளிய சூட்டை அந்தப் பெட்டி அங்கேதான் கொட்டுகிறது. கிரில்லுக்குள் பழைய பேப்பர் கட்டு, பக்கெட், ஈரப் புடவை என்று அடைத்துவிட்டால், கொட்டின சூட்டையே திரும்ப இழுத்து மறுபடி கொட்டும். அதற்கும் காசு நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். பெட்டியின் முன்னாலும் பின்னாலும் காலி செய்யுங்கள். துணியை மாடிக்கு மாற்றுங்கள். உங்கள் பில்லுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடலுக்கு அருகே இருப்பவர்களுக்கு வேறு தொல்லை, உப்புக் காற்று. பெசன்ட் நகரில் இருக்கும் என் தங்கை வீட்டில் வெளிப்பெட்டியின் தகடுகள் அப்பளம் மாதிரி பொடிந்து உதிர்ந்தன, கேஸும் கசிந்துவிட்டது. கேஸ் குறைந்த ஏ.சி. ராத்திரி பூரா ஓடும், குளிராது. கோடைக்கு முன்னும் நடுவிலும் மெக்கானிக்கை வைத்து, கரண்ட்டை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் அந்தத் தகடுகளைக் கழுவச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து, 2024 ஏப்ரல், மே பில் வந்தது. ஏ.சி. ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. 548 யூனிட், 2,334 ரூபாய். முந்தின வருஷத்தைவிட 1,946 ரூபாய் குறைவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மாமியாருக்கு அந்தப் படிக்கட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது நானல்லவா? "நாப்பத்தெட்டு யூனிட்லே கோட்டை விட்டுட்டோமேடி! அடுத்த வருஷம் நான் கூடத்திலே படுத்துக்கறேன். எனக்கு ஃபேன் போதும்" என்றார்.

"அம்மா, அந்தப் பேச்சை எடுத்தேள்னா நான் பதினெட்டுலே வெச்சுடுவேன்" என்றேன். கொஞ்சம் குரல் உயர்ந்துதான் விட்டது. ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும். அந்த ராத்திரியை மறுபடி பார்க்க என்னால் முடியாது.

ஆனால் அந்த 48 யூனிட் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து எடுப்பது? விடை கிடைத்தது பாத்ரூமில்! மாமியாருக்கு வெந்நீர்க் குளியல்தான் வழக்கம். மார்கழியில் போடுகிற மாதிரியே சித்திரையிலும் காலையில் கீஸரைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். இரண்டு கிலோவாட் கீஸர் தினம் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அறுபது! நம் ஊர் மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும்? மத்தியானம் குழாயைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்கிறோமே! வெந்நீரை இலவசமாக மேலே வைத்துக்கொண்டு, கீழே காசு கொடுத்துக் காய்ச்சியிருக்கிறேன். குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ள அவர் ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு, ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்று தானே ஒப்புக்கொண்டார்.

2025-ல் மேலும் ஒரு காரியம் செய்தோம். ரீடிங் எடுத்த தேதியைத் தினசரி காலண்டரில் வட்டம் போட்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரைப் பார்த்துப் பென்சிலால் எழுதினோம். பில் வந்த பிறகு வருத்தப்படுவதைவிட, நாற்பதாவது நாளிலேயே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. இஸ்திரி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மீட்டர் படிப்பது என் பெண். எழுதிக் கூட்டுவது மாமியார். எண்பத்து மூன்று வயதில் கூட்டல் இன்னும் விரல் நுனியில்தான்! தண்ணீர்க் கணக்கும் அதே காலண்டரில்தான் எழுதுகிறார். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர், அவருக்கு டாக்டர் சொன்ன அளவு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருதயம், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அளவு வேறு.

மறுநாள் ரீடிங் எடுக்க வருவார்கள் என்ற அன்றைக்குச் சாயங்காலம் காலண்டரை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார். 486.

"இன்னும் பதினாலு யூனிட் பாக்கி இருக்கேடி" என்றார். "இன்னிக்கு ஒரு ராத்திரி இருபத்தஞ்சுலே வையேன்."